தந்தம் முளைத்த ஜமீன்

செங்கமலத்தால் திறக்க முடியாத பூட்டு ஒன்று இருக்கிறது என்று யாராவது சொன்னால், அந்தப் பூட்டை இன்னும் யாரும் செய்யவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, சோடாக் கடைக்கும் டயர் ஒட்டுகிற கடைக்கும் நடுவில் ஒரு ஆள் சம்மணம் போடுகிற அளவு இடம். அதில் ஒரு மரப்பெட்டி, சாவியை இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸ், தடித்ததும் மெலிந்ததுமாக ஒரு கொத்து அரம், தலைக்கு மேல் ஒரு கிழிந்த குடை. அவ்வளவுதான் கடை. பூட்டுக்குள் கம்பியை விட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். கழுத்தை ஒரு பக்கம் சாய்ப்பாள். பூட்டு வாயைத் திறந்துவிடும். பயத்தில் திறக்கிறதா மரியாதையில் திறக்கிறதா என்று சோடாக் கடைக்காரர் ரொம்ப நாள் யோசித்தார்.

அவள் பிறந்த வீட்டில் அதுவரைக்கும் எல்லோரும் அடுத்தவர் காட்டில் கடலை பிடுங்கியவர்கள்தான். கல்யாணத்தன்று கூறைப்புடவை வைத்த டிரங்குப் பெட்டியின் சாவியை யாரோ தொலைத்துவிட்டார்கள். முகூர்த்தம் தப்பிவிடும் என்று பெண்கள் எல்லாம் ஒப்பாரி வைக்கத் தயாரானபோது, மணப்பெண்ணே எழுந்து வந்து கொண்டை ஊசியால் பெட்டியைத் திறந்து, புடவையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்குப் பிடித்த தொழில். மாப்பிள்ளை அங்கமுத்துவுக்கு அன்றைக்குப் பிடித்த பயம் கடைசி வரைக்கும் விடவில்லை.

அங்கமுத்து வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறவர். ஒரு மூட்டை தோளில், ஒரு மூட்டை இடுப்பில், வாயில் பீடி என்று நடப்பார். மனிதர்களுக்குப் பயப்பட மாட்டார். சாமி என்று சொன்னால் போதும், ஆள் பாதியாகிவிடுவார். எறும்புப் புற்றைக் கண்டால்கூட, உள்ளே யார் இருக்கிறார்களோ என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் தாண்டுவார்.

எண்பத்திரண்டாம் வருஷம் மாசி மாதத்தில் பெரம்பலூரில் ஒரு மாயாஜாலக்காரர் கூடாரம் அடித்திருந்தார். ஒரு நாள் மத்தியானம் அவர் ஒரு பெரிய தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு செங்கமலத்தின் கடைக்கு ஓடி வந்தார். ஜிகினாக் கோட்டு முழுக்க வேர்வை.

"சாவிய காணோம்மா! உள்ள முயலு இருக்கு!"

"எந்நேரமா கெடக்குது?"

"காலையிலேர்ந்து."

"தொப்பியிலேர்ந்து யானைய எடுப்பேன்னு ஊரு பூரா நோட்டீசு ஒட்டியிருக்கீங்க. பொட்டியிலேர்ந்து ஒரு முயல எடுக்கத் தெரியலையா?"

பேசிக்கொண்டே கம்பியை விட்டாள். மூடி திறந்தது. உள்ளே ஒரு வெள்ளை முயல் துவண்டு கிடந்தது. அதைத் தூக்கி மடியில் போட்டு, சோடாக் கடையிலிருந்து தண்ணீர் வாங்கி, விரலால் தொட்டுத் தொட்டு அதன் உதட்டை நனைத்தாள். கொஞ்ச நேரத்தில் மூக்கு துடித்தது.

"கூலி என்னம்மா?" என்றார் மாயாஜாலக்காரர்.

"இதான் கூலி" என்று முயலை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அது பல்லு சரியில்லாத முயலும்மா. தொப்பிய விட்டு வெளிய எடுத்தா சனம் சிரிக்குது."

"சிரிக்கத்தானே டிக்கெட்டு வாங்கிட்டு வர்றாங்க? போங்க, போங்க."

மாயாஜாலக்காரர் தகரப் பெட்டியோடு போனார். முயல் குரும்பலூர் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தது. வந்த கையோடு அங்கமுத்துவின் துவைத்து மடித்த வேட்டிமேல் ஏறிப் படுத்தது. மண்டியிலிருந்து வந்த அங்கமுத்து வேட்டியை எடுக்கப் பார்த்தார். முயல் ஒரு கண்ணை மட்டும் திறந்து அவரைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

"யாரு புள்ள இது, ஜமீன் மாதிரி?" என்றார். அதுவே பெயராகிவிட்டது.

குரும்பலூரில் முயல் என்றால் காட்டில் ஓடும், இல்லாவிட்டால் சட்டியில் கொதிக்கும். வீட்டுக்குள் வேட்டி விரித்துப் படுக்கிற முயலை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. அடுத்த வீட்டுப் பூங்காவனம் தினமும் காலையில் வேலிக்கு மேல் தலையை நீட்டுவாள்.

"ஏன் செங்கமலம், மசாலா அரைக்கிற அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லு. கிண்ணத்தோட வரேன்."

"கிண்ணத்த நல்லா வெளக்கி வையிக்கா. எங்க ஜமீன் அதுலதான் தண்ணி குடிப்பாரு."

சித்திரை பிறந்ததும் ஜமீனுக்கு ஏதோ ஆகிவிட்டது. புல்லைக் கண்டால் ஆசையாக ஓடி வரும். வாயில் வைக்கும். அப்படியே கீழே போட்டுவிடும். மறுபடி எடுக்கும், மறுபடி போடும். தாடை எந்நேரமும் ஈரமாக இருந்தது. செங்கமலம் அதை வெளிச்சத்துக்குத் தூக்கிப் போய், பூட்டின் வாயைப் பார்ப்பதுபோல் உதட்டை விலக்கிப் பார்த்தாள். கீழ்ப்பல் இரண்டும் வெளியே நீண்டிருந்தன. மேல்பல் இரண்டும் உள்ளே வளைந்து நாக்கைத் தொட்டன. இரண்டும் ஒன்றை ஒன்று சந்திக்கவே இல்லை. நல்ல அரத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஜமீனைக் கூடையில் வைத்து, அங்கமுத்துவைத் துணைக்கு இழுத்துக்கொண்டு பெரம்பலூர் மாட்டாஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

டாக்டர் அழகேசன் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். தமிழ் நிறையப் படித்தவர். கூடையைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மாடு, ஆடு, கோழி, ஒரு தடவ சர்க்கஸ் ஒட்டகம்கூடப் பாத்துருக்கேன். முயலுக்கு வைத்தியம் படிச்சதோட சரி. இருந்தாலும் பல்லு விஷயம் நல்லா ஞாபகம் இருக்கும்மா. காட்டு."

பார்த்தார். கடைவாய்ப் பல்லையும் சின்ன டார்ச்சு அடித்துப் பார்த்தார்.

"உள்பல்லு நல்லா இருக்கு. முன்பல்லுதான் கோளாறு. முயல் பல்லு நம்ம நகம் மாதிரி, சாகுற வரைக்கும் வளந்துகிட்டே இருக்கும். மேலும் கீழும் உரசிக்கிட்டா தானாத் தேயும். இதுக்குப் பொறப்புலயே கீழ்த்தாடை முன்ன நீட்டிருக்கு. ஒண்ணோட ஒண்ணு சேரல, அதனால தேயல."

"பூட்டு ஒரு கம்பெனி, சாவி ஒரு கம்பெனி" என்றாள் செங்கமலம்.

"அதேதான்."

"குறட்டால ஒரே வெட்டா வெட்டிடுங்களேன் சார்" என்றார் அங்கமுத்து.

"வெட்டினா பல்லு நீளவாக்குல வெடிச்சு வேர் வரைக்கும் போயிடும். சீழ் வச்சா முயல் தாங்காது. கொஞ்சம் கொஞ்சமாத் தேய்க்கணும். ஆனா அதுக்குத் தோதா எங்கிட்ட சின்ன அரம் இல்லையே."

செங்கமலம் இடுப்பிலிருந்து அரத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். டாக்டர் அதை வாங்கி ஸ்பிரிட்டில் கழுவினார். எப்படிப் பிடிப்பது என்பதை அவர் சொல்லிக் கொடுத்தார். துண்டைச் சுற்றி மடியில் உட்கார வைக்க வேண்டும், மல்லாத்தக் கூடாது, மூக்கை அழுத்தக் கூடாது, வாயில் ஒரு வழுவழுப்பான குச்சியைக் குறுக்கே கொடுத்து நாக்கை ஒதுக்கிவிட வேண்டும், பல்லைப் பின்னாலிருந்து விரலால் தாங்கிக்கொள்ள வேண்டும். அரத்தை எப்படி ஓட்டுவது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. டாக்டர் குச்சியைப் பிடிக்க, அவள் தேய்த்தாள். நடுநடுவே நிறுத்தி ஜமீனை மூச்சு வாங்கவிட்டாள். முடிந்ததும் டாக்டர் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டி ஒரு பிடி புல்லைப் பிடுங்கிப் போட்டார். ஜமீன் சாப்பிட்ட சத்தம் ஊசி போட வந்திருந்த மாட்டுக்கே ஆசையைக் கிளப்பியது.

"இதோட சரியாப் போயிடுங்களா?"

"போகாதும்மா. மூணு வாரத்துக்கு ஒருக்கா தேய்க்கணும், அது இருக்குற வரைக்கும். இனிப்பு, பொரி, பழம் எல்லாம் ஆகாது. புல்லுதான் சோறு. இன்னொண்ணு, முயல் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமக் கெடந்தா குடல் நின்னு போயிடும். அத மட்டும் விட்டுடாத."

"அதுக்கென்ன சார். வெள்ளிக்கெழம தலைக்கு எண்ண தேய்க்கிறோம். மூணு வாரத்துக்கு ஒருக்கா ஜமீனுக்குப் பல்லு தேய்க்கிறோம்."

அத்தோடு கிளம்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை. டாக்டர் கை கழுவிக்கொண்டே அங்கமுத்துவிடம் பேச்சுக்குச் சொன்னார்: "பழைய வைத்திய ஏட்டுல எல்லாம் இதுக்கு தந்த ரோகம்னு பேருங்க."

வடமொழியில் தந்தம் என்றால் பல். பல் நோய் என்றுதான் டாக்டர் சொன்னார். குரும்பலூரில் தந்தம் என்றால் யானைக்கு இருப்பது. அங்கமுத்துவின் காது ரோகத்தை அங்கேயே விட்டுவிட்டுத் தந்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறியது.

நாலு மாதம் ஜமீன் ராஜபோகமாக இருந்தது. முறைப்படி பல் தேய்ப்பு நடந்தது. செவ்வாய், வெள்ளியில் நகம் வெட்டக் கூடாது, அதனால் பல்லும் தேய்க்கக் கூடாது என்று அங்கமுத்து ஒரு சட்டம் கொண்டுவந்தார். செங்கமலம் அதை ஒத்துக்கொண்டாள். வாரத்துக்கு ஐந்து நாள் மிச்சம் இருக்கிறதே!

ஆவணியில் அவளுக்கு ஒரு பெரிய வேலை வந்தது. அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைக்காரர்கள் புதிதாகக் கட்டிய வீடுகளுக்கெல்லாம் பூட்டு மாட்டி, சாவி அடிக்க வேண்டும். செந்துறையில் இருந்த தங்கை முத்தாயி வீட்டில் தங்கிக்கொண்டு பஸ்ஸில் போய்வந்து முடிக்க ஒரு மாதத்துக்கு மேலாகும். கிளம்புகிற அன்று ஜமீனுக்குப் பல்லைத் தேய்த்துவிட்டு, புருஷனிடம் சொன்னாள்.

"ஏங்க, அரத்த டாக்டர்கிட்ட குடுத்துட்டேன். மூணு வாரம் ஆனதும் கூடையில வச்சு எடுத்துட்டுப் போங்க. அவரே தேய்ச்சு வுடுறேன்னுட்டாரு. மறந்துடாதீங்க."

"எனக்கென்ன புள்ள மறதி? மூட்டைக்கு மூட்டை கணக்கு வச்சிருக்கவன் நான்."

அவர் மறக்கவில்லை. குறித்த நாளில் ஜமீனைக் கூடையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றார். பஸ் வரத் தாமதம். டீக்கடையில் உட்கார்ந்தார். கூடையில் என்ன என்று கேட்டார்கள். திறந்து காட்டினார். கீழ்ப்பல் இரண்டும் உதட்டைத் தாண்டி எட்டிப் பார்த்தன.

"என்னண்ணே இது, பல்லு இப்புடி நிக்குது?" என்றார் டீக்கடைக்காரர்.

"பல்லு இல்லப்பா. தந்தம். நான் சொல்லல, டாக்டரே சொன்னாரு."

பிள்ளையார் சதுர்த்தி நெருங்கிக்கொண்டிருந்த நேரம். ஒருவர் எழுந்து தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டினார்.

"யானைமுகத்தானுக்கு வாகனம் மூஞ்சூறு. மூஞ்சூறுக்கு அண்ணன் தம்பி மொறதானே முயலு?"

இந்தக் கேள்விக்கு டீக்கடையில் யாரிடமும் பதில் இல்லை. பதில் இல்லாத கேள்வியை நம் ஆட்கள் உண்மை என்று எடுத்துக்கொள்வார்கள். பஸ் வந்தது, போனது. அங்கமுத்து கூடையைத் தலைமேல் வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார். செய்தி பூலாம்பாடி போய்ச் சேர்ந்தபோது ஜமீனுக்குத் தும்பிக்கையும் முளைத்திருந்தது. அங்கிருந்து மலை ஏறி இறங்கி அடுத்த ஊருக்குப் போனபோது நாலு கையும் வந்துவிட்டன. ஒரு கையில் கொழுக்கட்டை இருந்ததைக் கண்ணால் பார்த்ததாக ஒரு கண்டக்டர் சொன்னார்.

வேலை முடிந்து செங்கமலம் குரும்பலூரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் அவளிடம் வழி கேட்டாள்.

"அக்கா, தந்த முயலு கோயிலுக்கு எந்தத் தெருங்க?"

செங்கமலம் வேகமாக நடந்தாள். தெரு திரும்பியதும் ஓடினாள்.

வீட்டு வாசலில் பந்தல். மாவிலைத் தோரணம். உள்ளே பலகைமேல் மஞ்சள் துணி விரித்து ஜமீன் உட்கார்ந்திருந்தது. நெற்றியில் குங்குமம், கழுத்தில் சாமந்தி. முன்னால் பொரி, வெல்லம், வாழைப்பழம், கொழுக்கட்டை என்று குவியல். கீழ்ப்பல் இரண்டும் கொம்புபோல் மேலே வளைந்து மூக்குக்குப் பக்கத்தில் வந்துவிட்டன. தாடையும் மார்பும் ஈரம். கண் பாதி மூடியிருந்தது. குவியல் அப்படியே இருந்தது.

கற்பூரத் தட்டோடு முன்னால் நின்றவள் பூங்காவனம்.

"வாடி செங்கமலம். ஒன் வூட்டுக்கு வந்த பாக்கியத்தப் பாத்தியா?"

"எந்நேரமாச்சு இது சாப்புட்டு?"

"சாமி எதுக்குடி சாப்புடணும்? நேத்து மத்தியானத்துலேர்ந்து விரதம்."

செங்கமலத்துக்கு டாக்டர் சொன்னது காதில் விழுந்தது. பையைக் கீழே வைத்தாள். வேலைக்குக் கொண்டுபோயிருந்த மரப்பெட்டியைத் திறந்து மெல்லிய அரம் ஒன்றை எடுத்தாள். அதைப் பார்த்ததும் பந்தலுக்குள் ஒரு இரைச்சல் எழுந்தது. ஊர்ப் பெரியவர் செல்லமுத்து கைத்தடியைக் குறுக்கே நீட்டினார்.

"என்ன பண்ணப் போற?"

"பல்லத் தேய்க்கப் போறேன் பெரியப்பா. இல்லேன்னா நாளைக்கு இது இருக்காது."

"தந்தத்துல கைய வச்சா தெய்வக்குத்தம். ஊரு தாங்காது."

"தந்தமும் இல்ல தும்பிக்கையும் இல்ல. டாக்டர் பல்லுன்னுதான் சொன்னாரு. எங்க வூட்டுக்காரரு காதுல பாதிதான் ஏறிச்சு."

"ஒன் காதுலதான்டி ஏறல" என்றாள் பூங்காவனம். "நேர்த்திக்கடன் வச்சிருக்கேன். கை வச்சுப் பாரு, அப்புறம் தெரியும்."

"மாசியில கிண்ணத்தத் தூக்கிட்டு மசாலா வாசனை புடிச்சவ நீதானேக்கா? அப்ப எங்க போச்சு ஒன் பக்தி?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். ஆனால் யாரும் வழிவிடவில்லை. செங்கமலம் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற புருஷனிடம் போனாள். அவரிடம் சத்தம் போடவில்லை.

"ஏங்க, இத்தன நாளா இதத் தூக்குனீங்களா?"

"சாமிய எப்புடி புள்ள தூக்குறது? பலகையோடதான் நகத்துவேன்."

"ஒரே ஒரு தடவ தூக்கிப் பாருங்க. வேற எதுவும் வேணாம்."

அங்கமுத்து பயந்து பயந்து போனார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். இரண்டு கையையும் கொடுத்து ஜமீனைத் தூக்கினார். தராசில் போடும் முன்பே மூட்டையின் எடையைச் சொல்லிவிடுகிற கைகள் அவை. அவர் முகம் மாறிவிட்டது. மறுபடி ஒரு முறை கையை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"பாதிகூட இல்ல புள்ள" என்றார். "எலும்பு குத்துது."

அதற்குப் பிறகு அவர் முயலைக் கீழே வைக்கவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு பந்தலின் நடுவில் நின்றார். மூட்டை தூக்குகிறவர் நடுவில் நின்றால் அவரை நகர்த்த நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேரும் கூட்டத்தில் இருந்தார்கள், ஆனால் முன்னால் வரவில்லை. செல்லமுத்து மட்டும் தடியை இறக்கவே இல்லை. செங்கமலம் ஒரு நொடி கண்ணை மூடிக் கழுத்தைச் சாய்த்தாள்.

"பெரியப்பா, ஒண்ணு கேக்குறேன். பிள்ளையாருக்கு எத்தன தந்தம்?"

"ரெண்டு."

"ரெண்டும் முழுசா இருக்குதா?"

செல்லமுத்து யோசித்தார். "ஒண்ணு ஒடிஞ்சிருக்கும். கத எழுதுறதுக்கு எழுத்தாணி இல்லேன்னு அவரே ஒடிச்சாரு."

"தன் தந்தத்தத் தானே ஒடிச்ச சாமி, ஒடிச்சா கோவிச்சுக்குவாரா? சாமி மாதிரி இருக்கணும்னா இதுக்கும் ஒண்ணு ஒடிஞ்சுதானே இருக்கணும்? ரெண்டையும் வச்சிருந்தா இது வெறும் யான."

கூட்டம் திகைத்தது. நியாயம் போலத்தான் இருந்தது. செல்லமுத்து தடியைக் கொஞ்சம் இறக்கினார்.

"ஒண்ணுன்னா ஒண்ணுதான். ரெண்டாவதுல கை வைக்கக் கூடாது."

"சரி. எந்தப் பக்கம்?"

"வலது" என்றார் செல்லமுத்து.

"எடது" என்றாள் பூங்காவனம். "நான் தெனம் வெளக்கு போடுறவ. எனக்குத் தெரியாதா?"

"ஒனக்கு எடதுன்னா சாமிக்கு வலது. அவரு நம்மளப் பாத்துல்ல உக்காந்திருக்காரு?"

"அப்ப சாமிக்கு எடதுன்னு சொல்றேன்."

"மொதல்ல அது ஒனக்கு எடதா சாமிக்கு எடதான்னு சொல்லு!"

"மாத்தி ஒடிச்சா குத்தம் யாரச் சேரும்?" என்று செங்கமலம் நடுவில் ஒரு கேள்வியைப் போட்டாள். "போய்ப் பாத்துட்டு வந்துடுங்களேன். நான் காத்திருக்கேன்."

கூட்டம் மொத்தமும் குளத்தங்கரைப் பிள்ளையாரைப் பார்க்கக் கிளம்பியது. குழந்தையோடு வழி கேட்டு வந்த பெண்ணும் பின்னாலேயே போனாள். தெருமுனை தாண்டுகிற வரைக்கும் வலது, இடது என்று சத்தம் கேட்டது. அந்தப் பிள்ளையார் எத்தனையோ தலைமுறை எண்ணெயில் ஊறியவர். தும்பிக்கை எது, தொந்தி எது என்றே தடவிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். செங்கமலத்துக்கு அது நன்றாகவே தெரியும்.

"உக்காருங்க" என்றாள் புருஷனிடம்.

அங்கமுத்து உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டால் ஜமீனைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவள் அரத்தைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தாள். வேப்பங்குச்சியை வழித்து வாயில் குறுக்கே கொடுத்தாள். முதலில் உள்ளே வளைந்திருந்த மேல்பல். அது நாக்கில் ஒரு குழியே போட்டிருந்தது. விரலால் தாங்கிக்கொண்டு, மூச்சை அடக்கித் தேய்த்தாள். நிறுத்தினாள். மறுபடி தேய்த்தாள். அப்புறம் வெளியே நின்ற கொம்புகள். வலது ஒன்று. இடது ஒன்று. மஞ்சள் துணிமேல் வெள்ளைத் தூள் விழுந்தது. அங்கமுத்துவின் உதடு ஏதோ முணுமுணுத்தது. கை ஆடவில்லை.

கூட்டம் திரும்பி வந்தபோது நான்கு பல்லும் ஒரே அளவில் இருந்தன. பிள்ளையாரைப் பார்த்தும் பஞ்சாயத்து தீரவில்லை போல. இரண்டு கட்சியாகப் பிரிந்து வந்தார்கள். பூங்காவனம் முதலில் ஜமீனைப் பார்த்தாள். அவள் கையில் பிள்ளையார் கழுத்திலிருந்து எடுத்த அருகம்புல் மாலை இருந்தது.

"அடிப்பாவி! ரெண்டையுமே எடுத்துட்டியேடி!"

"ஆமாக்கா. எந்தப் பக்கம்னு நீங்க வந்து சொல்லல. ரெண்டுல ஒண்ணு சரியா இருக்கும்ல?"

"போச்சு. தெய்வம் போச்சு."

"எங்கயும் போகாது. மூணு வாரத்துல திரும்ப முளைக்கும். முளைக்கலேன்னா என் கடைய இழுத்துச் சாத்திட்டு ஒங்க காட்டுல கடல புடுங்க வரேன்."

வார்த்தை திடமாகத்தான் வந்தது. ஆனால் செங்கமலத்தின் கண் ஜமீன்மேலேயே இருந்தது. பல் சரியாகிவிட்டது. அது சாப்பிட வேண்டுமே! வாழைப்பழத்தை நீட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டது. வெல்லத்தை நுகரக்கூட இல்லை. வயிற்றில் காதை வைத்துக் கேட்டாள். பூட்டுக்குள் ஊசி அசைகிற சத்தமே கேட்கிற காது அது. ஒன்றும் கேட்கவில்லை. அங்கமுத்து துண்டோடு அதன் வயிற்றை மெல்லத் தடவிக்கொண்டே இருந்தார். பூங்காவனத்துக்கும் என்னவோ போல் ஆகிவிட்டது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே கையிலிருந்த மாலையை நீட்டிக்கொண்டு கிட்டே வந்தாள்.

ஜமீனின் மூக்கு துடித்தது. கழுத்தை நீட்டியது. மாலையிலிருந்து ஒரு அருகம்புல்லை இழுத்தது. எல்லோரும் கீழே விழும் என்று பார்த்தார்கள். விழவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிற்று. அடுத்தது, அதற்கு அடுத்தது. பூங்காவனம் மாலையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"எங்கையால சாப்புடுதுடி" என்றாள்.

"சாப்புடாம? அருகம்புல்லு இருக்குறப்ப பொரியக் கொட்டுனா எந்தப் பிள்ளையாருக்குத்தான் எறங்கும்? எல்லாரும் கேட்டுக்கங்க. இனிமே இந்த வூட்டுக்கு வர்றவங்க அருகம்புல்லுதான் கொண்டாரணும். வெல்லம், பொரி, பழம் கொண்டாந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவேன்."

மறுநாள் டாக்டர் அழகேசன் பஸ் ஏறி வந்து பார்த்தார். நாக்குப் புண்ணுக்கு மருந்து கொடுத்தார். தெம்பு வருகிற வரைக்கும் புல்லை அரைத்துப் பேனாவுக்கு மை ஊற்றுகிற ஃபில்லரால் கொடுக்கச் சொன்னார். தந்த ரோகத்துக்கு அங்கமுத்துவிடம் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு இரண்டு தடவை டீ வந்தது.

"அப்ப வெறும் பல்லுதாங்களா?" என்றார் அங்கமுத்து.

"வெறும் பல்லுதாங்க."

"இத மொதல்லயே பல்லுன்னு சொல்லியிருக்கலாமே சார்."

டாக்டர் சிரித்துவிட்டு, இனி பல்லைப் பல் என்றே சொல்வதாக ஒத்துக்கொண்டார்.

சொன்னபடி பல் முளைத்தது. ஊருக்கு அதுவே போதுமாக இருந்தது. தேய்க்கத் தேய்க்க முளைக்கிற தந்தத்தை எந்த ஊரில் பார்க்க முடியும்? மூன்று வாரத்துக்கு ஒரு முறை பந்தலில் ஆட்கள் கூடினார்கள், ஆளுக்கு ஒரு கட்டு அருகம்புல்லோடு. செங்கமலம் அரத்தை எடுத்தால் செல்லமுத்துவே "சத்தம் போடாதீங்கப்பா, புள்ள மெரளும்" என்று அதட்டினார். புல்லே சோறான பிறகு ஜமீன் கொழுத்தது. புது வேட்டி ஒன்றும் அதற்கென்று ஒதுக்கப்பட்டது. அதன் பல் கடைசி வரைக்கும் சரியாகவில்லை. அதற்காக அந்த வீட்டில் யாரும் பெருமூச்சு விட்டதும் இல்லை. மாடு இருந்தால் சாணி அள்ளுவதுபோல் அதுவும் ஒரு வேலை.

எண்பத்தாறில் அரியலூரிலிருந்து மறுபடி ஆட்கள் வந்தார்கள். இன்னும் நூறு வீடு கட்டியிருக்கிறார்கள், அவள்தான் வர வேண்டும் என்றார்கள். நாலு வருஷமாக அவள் ஊரைவிட்டு இரண்டு நாளுக்கு மேல் எங்கும் போனதில்லை. ஒத்துக்கொண்டாள். போகுமுன் புருஷன் கையில் அரத்தைக் கொடுத்து, ஒரு மாட்டுக் கொம்பை வைஸில் மாட்டித் தேய்க்கவிட்டுப் பார்த்தாள். மூட்டை தூக்குகிற கைக்கு அரம் கோழி இறகுபோல் இருந்தது.

"ஒடச்சுடுவேன் புள்ள."

"ஒடைக்க மாட்டீங்க. எட தெரிஞ்ச கையி அது."

வேலை முடிந்து அவள் திரும்பிய அன்று வாசலுக்கு வெளியிலேயே பூங்காவனத்தின் குரல் கேட்டது.

"மெல்ல, அண்ணே! இது என்ன வெங்காயத் தோலா, இந்த இழுப்பு இழுக்குற?"

"நீ குச்சிய ஆட்டாமப் புடி மொதல்ல."

உள்ளே பூங்காவனம் மடியில் ஜமீன், துண்டுக்குள். அங்கமுத்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு கடைசி இழுப்பை இழுத்தார். நெற்றி முழுக்க வேர்வை. செங்கமலத்தைப் பார்த்ததும் அரத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

"ரெண்டு நாளாப் புல்லத் திங்கக் கஷ்டப்பட்டுச்சு" என்றார். "அதான் கெழமையெல்லாம் பாக்கல."

அவள் உட்கார்ந்து ஜமீனின் உதட்டை விலக்கினாள். கட்டைவிரலால் நான்கு பல்லையும் தடவினாள். இடது பக்கம் ஒன்று லேசாகச் சரிந்திருந்தது.

"சாவியா இருந்தா பூட்டு தெறக்காது" என்றாள். "பல்லுக்கு இது தாராளம்."

ஜமீன் துண்டிலிருந்து குதித்து இறங்கியது. மூன்று பேரும் அது புல் தின்கிற சத்தத்தைக் கேட்டபடி அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.